ஈட்டி முனையைக் காப்பாத்தப் போய் காம்பு வெடிச்ச கதை

விரிசல் 11 சென்டிமீட்டர் நீளம். நகத்தை வெச்சா நகம் மாட்டாது, ஆனா டார்ச்சை சாய்ச்சுப் பிடிச்சா தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரியும், ரெண்டு பக்கமும் உருஷிப் பூச்சு (ஜப்பான் அரக்கு) லேசா தூக்கிக்கிட்டு நிக்கும். அதுக்குக் காரணம் நான்தான். இந்தப் போஸ்டை ரெண்டு வருஷமா எழுதணும் எழுதணும்னு நெனைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன், இப்ப எழுதுறேன், ஏன்னா பழைய ஜப்பான் ஈட்டி வாங்குற நம்ம ஆளுங்க கொஞ்சம் பேர் "முனைக்கு என்ன எண்ணெய் போடணும்"னு மட்டும்தான் கேக்குறாங்க, காம்பைப் பத்தி ஒருத்தர்கூட கேக்குறதில்ல.

நான் ஜப்பான்ல கிஃபு பக்கம் வேலைக்கு வந்து 9 வருஷம் ஆச்சு. நான் குடியிருக்கிற வீட்டுச் சொந்தக்கார அம்மாவுக்கு 83 வயசு, நான் ஒபாச்சான்னுதான் கூப்பிடுவேன், இங்க பாட்டின்னே எழுதுறேன். அவங்க வீட்டுக்குப் பின்னாடி மண்சுவர் எழுப்பி வெள்ளை பூசின ஒரு சேமிப்புக் கட்டடம், அதை 'குரா'ன்னு சொல்லுவாங்க. அவங்க வீட்டுக்காரர் தவறினப்பறம் அதை ஒழிக்கும்போது தூண் ஓரமா சாத்தி வெச்சபடி ஒரு யாரி கிடைச்சுது. யாரின்னா நேரா குத்துற ஈட்டி. வளைஞ்ச கத்தி மாதிரி முனை இருக்கிறது நாகினாதா, அது வேற. இது சாதா நேர் முனை, குறுக்கு வெட்டு முக்கோணம், முனை 24 சென்டிமீட்டர்தான், ஆனா காம்புக்குள்ள போற வால், அதாவது நாக்காகோ, 38 சென்டிமீட்டர். வெளிய தெரியிறதை விட உள்ள ஒளிஞ்சிருக்கிறது பெருசு. காம்பு 9 ஷாக்கு, நம்ம கணக்குல கிட்டத்தட்ட 2.7 மீட்டர், ஜப்பான் ஓக் மரம், மேல கறுப்பு உருஷி, முனைக்குக் கீழ இருக்கிற பகுதி முழுக்க முத்துச்சிப்பியைப் பொடிப் பொடியா நொறுக்கி உருஷியில தூவி இழைச்சிருக்காங்க. வெளிச்சத்துல திருப்பினா மயில் கழுத்து மாதிரி பச்சையும் நீலமும் ஓடும். அடியில இரும்புப் பூண், நம்ம ஊர்ல உலக்கைக்குப் போடுவாங்களே அதே மாதிரி, இங்க இஷிஸுகி.

இப்படி ஏதாவது வீட்டுல கிடைச்சா முதல்ல செய்ய வேண்டியது எண்ணெய் துணி தேடுறது இல்ல, போலீஸுக்குப் போன் பண்றது. ஜப்பான் சட்டத்துல 15 சென்டிமீட்டரோ அதுக்கு மேலயோ அலகு இருக்கிற யாரியும் நாகினாதாவும் வாள் கணக்குதான், பதிவுச் சீட்டு இல்லாம வெச்சிருந்தா தப்பு. கண்டெடுத்தேன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்து, அந்தத் தாளோட மாநிலக் கல்வி வாரியம் நடத்துற பரிசோதனை நாளுக்கு எடுத்துட்டுப் போனா பார்த்து, அளந்து, சீட்டு குடுப்பாங்க, ஒண்ணுக்கு 6,300 யென். கைமாறினா 20 நாளுக்குள்ள தெரிவிக்கணும். பாட்டி கூட நானும் போனேன், எல்லாரும் ரொம்ப மரியாதையா நடந்துக்கிட்டாங்க, அதுல ஒரு குறையும் இல்ல.

அப்பறம்தான் நான் ஆர்வக்கோளாறுல இறங்கினது. யாரியை பாட்டி வீட்டு முன் ரூம்ல, கதவுக்கு மேல சுவத்துல ஓடுற கட்டையில ரெண்டு மரக் கொக்கி ஏற்கெனவே இருந்துது (பழைய சாமுராய் வீடுங்கள்ல ஈட்டிக்குன்னே இப்படி வெச்சிருப்பாங்க), அதுல படுக்க வெச்சு மாட்டினோம். அது ஜூன் மாசம், இங்க மழைக்காலம், சுவத்துல கை வெச்சா ஈரம், அலமாரியில செருப்பு பூஞ்சை பிடிக்கும். இரும்பு 60 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினா வேகமா துருப் பிடிக்கும்னு படிச்சிருந்தேன். முனையில ஏற்கெனவே ரெண்டு மூணு இடத்துல செம்புள்ளி வேற. உடனே காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கிற டீஹியூமிடிஃபையர் ஒண்ணு வாங்கிட்டு வந்து 40 சதவீதத்துல செட் பண்ணி, பாட்டிகிட்ட "இதை அணைக்காதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். மழைக்காலம் முடிஞ்சுது, வெயில் போச்சு, குளிர்காலம் வந்துது, கிஃபுல குளிர்காலத்துல காத்தே காஞ்சு போய் உதடு வெடிக்கும், அப்பவும் அந்த மெஷின் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. நான் அணைக்காதீங்கன்னு சொன்னதால பாட்டி அணைக்கல. பிப்ரவரியில போய்ப் பார்த்தா முனை பளபளன்னு இருந்துது, ஒரு புதுப் புள்ளி இல்ல. காம்பு வெடிச்சிருந்துது.

மரம் ஈரத்தை விட்டா சுருங்கும், அதுவும் ஒரே மாதிரி சுருங்காது, நார் ஓடுற திசையில கொஞ்சம், குறுக்க நெறைய. மேல இருக்கிற உருஷி அதுகூடவே சுருங்காது. ரெண்டுக்கும் நடுவுல இழுபறி வந்து எங்க பலவீனமோ அங்க பிளக்கும். இருநூறு வருஷமோ என்னமோ இந்த ஊர் ஈரத்தையே குடிச்சுப் பழகின மரத்தை ஒரே வருஷத்துல பாலைவனத்துல கொண்டு போய் விட்ட மாதிரி ஆயிருச்சு.

பாட்டி திட்டல. அவங்க தம்பி, 78 வயசு, சின்ன வயசுல இருந்து வாள் சேகரிக்கிறவர், அவர் வந்து பார்த்துட்டு ஒரு நிமிஷம் ஒண்ணுமே பேசல. அப்பறம் சொன்னார், "உருஷி எதுல காயும்னு தெரியுமா? ஈரத்துலதான் காயும்." அப்ப எனக்குப் புரியல. உருஷின்னா ஒரு மரத்தோட பால், பெயின்ட் மாதிரி வெயில்ல வெச்சா அது காயாது, 70, 80 சதவீத ஈரப்பதம் இருக்கிற பொட்டிக்குள்ள வெச்சாதான் இறுகும். இரும்பை சாகடிக்கிற ஈரம் உருஷிக்குத் தாய்ப்பால். இந்த ரெண்டையும் ஒரே பொருளா செஞ்சு குத்துறதுக்குக் குடுத்துட்டாங்க, இப்ப பாதுகாக்கிறவன் ஒருத்தனுக்கு நல்லது பண்ணினா இன்னொருத்தனுக்குக் கெடுதல். மியூசியங்கள்ல மரமும் உருஷியும் கலந்த பொருளை 50, 55 பக்கம் நிலையா வெச்சுக்கிறது இதனாலதான், நம்பரை விட அந்த நிலையாங்கிறதுதான் முக்கியம், ஏறி இறங்கி ஏறி இறங்கி இருந்தாத்தான் மரம் செத்துப் போகுது.

இதுக்கு ஜப்பான்காரங்க ரொம்ப நாளைக்கு முன்னாடியே வழி கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க, பிரிச்சு வெக்கிறது. முனையைக் கழட்டி அதுக்குன்னு செஞ்ச பூச்சு எதுவும் இல்லாத வெள்ளை மர உறையில போடணும், அது ஷிராசாயா. ஹோ மரம்னு ஒரு மக்னோலியா வகை, மிருதுவா இருக்கும், பிசின் கம்மி, இரும்பைக் கீறாது. அந்த உறையை ரெண்டு பாதியா செதுக்கி சோத்துப் பசை வெச்சு ஒட்டுவாங்க, ஆமா நாம சின்ன வயசுல நோட்டு அட்டைக்கு சோத்துப் பருக்கையை நசுக்கி ஒட்டுனோமே அதேதான், ஃபெவிகால் இல்ல. காரணம் என்னன்னா உள்ள அழுக்கோ துருவோ சேர்ந்துச்சுன்னா உறையை ஆப்பு வெச்சு நெகிழ்த்திப் பிரிச்சு, சுத்தம் பண்ணி, திரும்ப ஒட்டிக்கலாம். இதை முதல் தடவ கேட்டப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, பின்னாடி வர்றவன் திறக்கணுமேன்னு நெனைச்சு ஒட்டியிருக்கான் ஒருத்தன்.

கழட்டுறதைப் பத்தி சொல்லணும், ஏன்னா இங்கதான் கையை வெட்டிக்கிறாங்க. காம்புல குறுக்க ஒரு மூங்கில் முளை இருக்கும், மெகுகி. அதைப் பித்தளை ஊசியால சின்னப் பக்கத்துல இருந்து பெரிய பக்கமா தட்டி எடுக்கணும். அப்பறம் வால் தானா வராது, அதுதான் 38 சென்டிமீட்டர் உள்ள இருக்கே. எந்தக் காரணத்துக்கும் முனையைக் கையால பிடிச்சு இழுக்காதீங்க, முக்கோண முனையை எந்தப் பக்கம் பிடிச்சாலும் விரல் ஒரு விளிம்புல இருக்கும். தாத்தா (பாட்டி தம்பியை இனிமே தாத்தான்னே சொல்றேன்) முனைக்கு உறை போட்டபடியே, ஒருத்தரை விட்டு காம்பைத் தாங்கச் சொல்லி, காம்போட வாயில இருக்கிற பூணுக்குக் கீழ துணி சுத்தி மரச் சுத்தியால மெதுவா டொக் டொக்னு சுத்திச் சுத்தித் தட்டினார். முக்கா மணி நேரம். மொதல்ல ஒண்ணுமே ஆகல, அப்பறம் பூணுக்கும் முனைக்கும் நடுவுல ஒரு கறுப்புக் கோடு தெரிஞ்சுது, அது ஒரு மில்லிமீட்டர் ஆச்சு, ரெண்டு ஆச்சு, அப்பறம் சொரசொரன்னு ஒரு சத்தத்தோட கறுப்பு வால் வெளிய வந்துது. உள்ளயிருந்து ஒரு வாசனை, பழைய மரப்பீரோவைத் திறந்தா வருமே அந்த மாதிரி. வராம இறுகியிருந்தா விட்டுருங்க, WD-40 மாதிரி துரு இளக்குற ஸ்ப்ரே எல்லாம் உள்ள அடிக்காதீங்க, அது மரத்துல ஊறி உருஷிக்கு அடியில போயிரும், அதை வெளிய எடுக்க வழியே கிடையாது.

அந்தக் கறுப்பு வாலைத் தேய்க்கக் கூடாது. துருதானேன்னு தோணும். அந்தத் துருவோட நிறமும் படிவும்தான் அதோட வயசு, செஞ்சவன் பேரு வெட்டியிருந்தா அதுவும் அங்கதான் இருக்கும். அதைப் பளபளன்னு தேய்ச்சு எடுத்தவங்க பாதி மதிப்பையும் முழுச் சரித்திரத்தையும் சேர்த்துத் தேய்ச்சு எடுத்துட்டாங்கன்னு அர்த்தம். சுத்தமான துணியால தூசியைத் தட்டி விட்டாப் போதும்.

முனைக்கு ச்சோஜி எண்ணெய். ச்சோஜின்னா கிராம்பு. பாட்டில் திறந்தா நம்ம வீட்டு பிரியாணி மசாலா டப்பா வாசனை லேசா அடிக்கும், ஆனா இப்ப கடையில கிடைக்கிறது பெரும்பாலும் மினரல் ஆயில்ல வாசனைக்குக் கொஞ்சம் கிராம்பு. பழைய எண்ணெயை முதல்ல மிருதுவான காகிதத்தால துடைச்சு, தேவைப்பட்டா ஆல்கஹாலால எடுத்து, புது எண்ணெயை இருக்கா இல்லையான்னு சந்தேகம் வர அளவுக்கு மெல்லிசா பூசணும், வழிஞ்சா தப்பு. உச்சிகோன்னு ஒரு கல்பொடி உருண்டை, சினிமாவுல வாள் மேல டப் டப்னு தட்டுவாங்களே, அதை அடிக்கடி பண்றதை நான் விட்டுட்டேன், அது என்ன இருந்தாலும் தேய்க்கிற பொடி. அதுவும் யாரியில ஒரு பக்கத்துல பள்ளம் ஓடும், நெறைய முனைகள்ல அந்தப் பள்ளத்துக்குள்ள சிவப்பு உருஷி பூசியிருப்பாங்க, எங்க பாட்டியோடதுலயும் இருக்கு, பொடி அதுக்குள்ள போய் அடைச்சுக்கும், தேய்க்கத் தேய்க்க சிவப்பு போயிரும். ஆல்கஹாலும் அந்தப் பக்கம் போகக் கூடாது. வெளிச்சம் பட்டுப் பட்டு மங்கின உருஷி தண்ணிக்கும் ஆல்கஹாலுக்கும் ரொம்ப பலவீனமாயிருக்கும், ஒரு சொட்டு விழுந்தா வெள்ளையா திட்டு நின்னுரும். முனையைக் கழட்டாம காம்போட வெச்சே சுத்தம் பண்ணாதீங்கன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

காம்புக்கு எதுவும் பூசாதீங்க. எண்ணெய் வேண்டாம், மெழுகு வேண்டாம், பர்னிச்சர் பாலிஷ் வேண்டவே வேண்டாம். வெயில் படாத இடம், லைட் 150 லக்ஸுக்குள்ள. முத்துச்சிப்பி தூக்கியிருந்தா காட்டன் கிளவுஸ் போடாதீங்க, நூல் மாட்டி சில்லு பேர்ந்து வந்துரும், நைட்ரைல் கிளவுஸ் போடுங்க. நிறுத்தி சாத்தி வெக்காதீங்க, வருஷக்கணக்குல வில்லு மாதிரி வளையும், அடிப்பூண் தரை ஈரத்தைக் குடிக்கும். படுக்க வெக்கும்போதும் ரெண்டு கொக்கி பத்தாது, நடுவுல தொங்கும், நாங்க இப்ப நாலு இடத்துல தாங்கல் குடுத்திருக்கோம், துணி சுத்தி. சில உறைங்கள்ல கரடி முடி, பறவை இறகு எல்லாம் வெச்சிருக்கும், பிரபுக்கள் ஊர்வலத்துல தூரத்துல இருந்தே யாரோட ஆளுங்கன்னு தெரியறதுக்கு. அதுல பூச்சி பிடிக்கும்னு பாச்சா உருண்டையை உள்ள போட்டு மூடாதீங்க, பூச்சுலயும் உலோகத்துலயும் அந்த ஆவி படியும், தனியா எடுத்து உதறி காத்தாட வெச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கிறதுதான் நல்லது.

முனையை எடுத்தப்பறம் காம்பு வெறும் ஓட்டையா இருக்கக் கூடாதுன்னு, முனை, வால் ரெண்டோட வடிவத்துல ஒரு மரப் பொம்மை செஞ்சு உள்ள விடுவாங்க, ட்சுனாகி. முளையையும் அதுலதான் அடிப்பாங்க. அப்ப பூண், உறை எல்லாம் இருந்த இடத்துல இருந்தபடி நிக்கும்.

எனக்கு நெஜமான வருத்தம் எதுலன்னா, முனையை மட்டும் காப்பாத்திட்டு காம்பைத் தூக்கிப் போடுறதுல. போன வருஷம் ஒரு பழம்பொருள் கடையில பார்த்தேன், பேரு வேண்டாம், அழகான நாஷிஜி பூச்சு, பொன் பொடி தூவின காம்பு, பார்சல்ல அனுப்புறதுக்கு வசதியா 90 சென்டிமீட்டர்ல ரம்பத்தால அறுத்து வெச்சிருந்தாங்க. மிச்சம் எங்கன்னு கேட்டேன். இல்லைன்னு சொன்னாங்க. அறுத்த இடத்துல மரம் வெள்ளையா இருந்துது, உருஷி ஓரம் முழுக்கப் பொரிஞ்சு போய். ஹோண்டா தாதாகாட்சுங்கிற சாமுராய்த் தளபதியோட டொன்போகிரி, ஜப்பானோட மூணு பெரிய ஈட்டிகள்ல ஒண்ணு, வந்து உக்காந்த தும்பி ரெண்டா போச்சுன்னு பேரு வந்தது, அதோட காம்பை அவர் வயசானப்ப 3 ஷாக்கு குறைச்சுக்கிட்டார்னு ஒரு கதை உண்டு, தன் பலத்துக்குத் தகுந்த மாதிரி. அந்தக் கதை உண்மையோ இல்லையோ, காம்போட நீளம்னா ஒரு மனுஷனோட தோளும் கையும்னு அவங்க நெனைச்சிருக்காங்க. அதை கூரியர் பெட்டி அளவுக்கு அறுக்கிறோம்.

ஃபுக்குவோக்கா சிட்டி மியூசியத்துல நிஹோங்கோவைப் பார்த்தேன், மூணுல இன்னொண்ணு. சாராயம் குடிக்கிற பந்தயத்துல மோரி தாஹெய்ங்கிற சாமுராய் ஜெயிச்சு வாங்கிட்டுப் போன ஈட்டின்னு எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, முனை 79.2 சென்டிமீட்டர், அதுல டிராகன் செதுக்கியிருக்கும், கூட்டம் முழுக்க அதைத்தான் பார்க்குது. அதுக்கு முத்துச்சிப்பி இழைச்ச காம்பும் இருக்கு, முனையோட சேர்த்தா 3 மீட்டருக்கு மேல வரும். முனை, காம்பு ரெண்டும் சேர்ந்து இவ்வளவு தூரம் வந்திருக்கேன்னு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நாராவுல ஷோசோயின்ங்கிற அரச கருவூலத்துல 8ஆம் நூற்றாண்டு ஈட்டிகளே இருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவ இலையுதிர் காலத்துல, காத்து காஞ்சிருக்கும்போது மட்டும் திறந்து, பார்த்து, மூடிருவாங்க.

மூணாவது ஒதேகினே. அதை யாராலயும் பார்க்க முடியாது. முனை மட்டும் கிட்டத்தட்ட 138 சென்டிமீட்டர், உறை கை உலக்கை வடிவத்துல இருந்ததால அந்தப் பேரு. தோக்கியோவுல அதை வெச்சிருந்த குடும்பத்தோட சேமிப்புக் கட்டடத்துல இருந்துது, ஈரம் வரக் கூடாதுன்னு தரையில நெறைய அடுப்புக்கரி போட்டு வெச்சிருந்தாங்களாம். 1945 மே மாசம் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு போட்டப்ப கரி பிடிச்சுக்கிச்சு, கட்டடமே உலை மாதிரி ஆகி ஈட்டி உருகி இரும்புக் கட்டியா போச்சு. துரு வராம இருக்கத்தான் அந்தக் கரி. தாத்தா இதைச் சொன்னது எனக்கு ஆறுதலுக்குன்னு நெனைக்கிறேன், அந்த மெஷினை நான் மூட்டை கட்டுன அன்னைக்கு.

விரிசலை நாங்க என்ன பண்ணினோம்னா, முதல்ல ஒண்ணுமே பண்ணல. மெஷினை நிறுத்திட்டு, ரூம்ல ஒரு ஈரப்பதமானி மாட்டி, ஒரு வருஷம் பார்த்தோம். விரிசலோட ரெண்டு முனைக்கும் நேரா கொக்கியில, காம்புல இல்ல, பென்சில் குறி. நீளம் கூடல. அப்பறம் உருஷி ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் வந்தார், 60 வயசு இருக்கும், லென்ஸ் வெச்சு அரை மணி நேரம் பார்த்தார். நீர்த்த உருஷியை விரிசலுக்குள்ள இறங்க விட்டு கெட்டிப்படுத்தலாம், தூக்கியிருக்கிற இடத்தை அமுக்கி ஒட்ட வெக்கலாம், ஆனா பழைய கறுப்புக்கு மேல புதுக் கறுப்பு பூசி மறைக்க மாட்டேன்னார். "மறைச்சிருங்க, பார்க்கவே கஷ்டமா இருக்கு"ன்னு நான் சொன்னேன். அவர் பாட்டியைப் பார்த்தார். பாட்டி, "இருக்கட்டும், அதுவும் இந்த வீட்டுல நடந்ததுதானே"ன்னாங்க. நாலு மாசம் அவர் பட்டறையில இருந்துட்டு வந்துது. தூக்கல் அடங்கிருச்சு, கோடு தெரியுது.

பிரிச்சு வெக்கிறதுல ஒரு ஆபத்து இருக்கு, அதைத் தாத்தாதான் சொன்னார். வருஷங்க போகப் போக எந்த முனை எந்தக் காம்போடதுன்னு தெரியாம போயிரும், முனை ஒரு பேரன்கிட்ட, காம்பு இன்னொரு பேரன் வீட்டுப் பரண்ல, கடைசியில ரம்பம். அதனால இந்த நவம்பர்ல காத்தாட எடுத்துப் போட்டப்ப, முளை ஓட்டை எத்தனை சென்டிமீட்டர்ல இருக்குன்னு ரெண்டுலயும் அளந்து, போட்டோ எடுத்து, பதிவுச் சீட்டோட நகலையும் வெச்சு கவர் ரெண்டு தயார் பண்ணினோம். பாட்டி தூரிகை எடுத்து ரெண்டு சின்ன மரத் தகட்டுல எழுதினாங்க, கை நடுங்குது ஆனா எழுத்து நடுங்கல. கிரி மரப் பெட்டியில முனை, அதுல கட்டின தகட்டுல "காம்பு முன் ரூம் கதவுக்கு மேல இருக்கு." காம்புல பட்டு நூலால தொங்கவிட்ட தகட்டுல "முனை ரெண்டாவது இழுப்பறையில தூங்குது, எழுப்பணும்னா என் தம்பியைக் கூப்பிடுங்க, அவன் இல்லைன்னா மாடியில குடியிருக்கிற பையனை."

மாடியில குடியிருக்கிறது நான்தான்.